அளவெடுத்த மருந்து

கிள்ளான் நகரின் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக் காலம் இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். புடவைக் கடைகளில் புதுச் சரக்கு வந்து இறங்கும். பலகாரக் கடைகளில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் முன்பதிவு நடக்கும். அந்தச் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றின் மாடியில் ஒரு சிறிய தையல் கடை இருந்தது. அங்கும் வேலை குவிந்திருந்தது. சுவரோரம் இருந்த நீண்ட மேசையில் ரவிக்கைத் துணிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொரு துணியிலும் ஒரு தாள் குத்தப்பட்டிருந்தது. வாடிக்கையாளரின் பெயர், அளவு, தைத்துக் கொடுக்க வேண்டிய நாள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருந்தன.

கடையை நடத்திய தாயாரின் கைப்பையிலும் ஒரு தாள் இருந்தது. அதிலும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அது, அவர் கீமோதெரபி சிகிச்சையைத் தொடங்க வேண்டிய நாள்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆண்டின் தொடக்கத்தில், குளிக்கும்போது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லாததால் முதலில் அதைப் பெரிதாக எண்ணவில்லை. நான்காம் படிவத்தில் படிக்கும் மகளிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். மகள் விடவில்லை. மருந்தகம், அரசு மருத்துவமனை, ஊடுகதிர்ப் படம், திசுச் சோதனை என்று ஒவ்வொரு படியாகக் கடந்தபோது, அது மார்பகப் புற்றுநோய் என்பது உறுதியாயிற்று. ஜூன் மாத இறுதியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி அகற்றப்பட்டது.

"கட்டியைத்தான் எடுத்துவிட்டீர்களே டாக்டர், இன்னும் எதற்கு மருந்து?" என்று தாயார் கேட்டார்.

"கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுத்துவிட்டோம் அம்மா. கண்ணுக்குத் தெரியாத சில புற்று உயிரணுக்கள் இரத்தத்தின் வழியாக வேறு இடங்களுக்குப் போயிருக்கலாம். அவற்றை அழிக்கத்தான் இந்த மருந்து. மொத்தம் ஆறு சுற்றுகள். 21 நாளுக்கு ஒரு முறை வரவேண்டும்," என்றார் மருத்துவர்.

தாயார் மனத்துக்குள் கணக்குப் போட்டார். முதல் சுற்றுக்கும் ஆறாம் சுற்றுக்கும் இடையில் 105 நாள்கள். தீபாவளி அதற்கு நடுவில் வந்து நின்றது. மேசையில் நாற்பத்து மூன்று ரவிக்கைகள் காத்திருந்தன. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாத வருமானத்தில்தான் பிள்ளைகளின் அடுத்த ஆண்டுப் பள்ளிச் செலவு நடக்கும்.

அன்றிரவு அவர் வீட்டில் தம் முடிவைச் சொன்னார். "தீபாவளி முடியட்டும். அப்புறம் தொடங்கிக்கொள்கிறேன். இரண்டு மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?"

பாட்டியும் அதற்குத் துணை நின்றார். "ஆடி மாதத்தில் எதையும் தொடங்க வேண்டாம் கண்ணு. நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம்," என்றார்.

தந்தை கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். அதிகம் பேசாதவர், ஆனால் கிரிக்கெட் என்றால் மட்டும் வாய் திறப்பார். அவர் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "யுவராஜ் சிங்கை உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.

2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது யுவராஜ் சிங்குக்குக் கிடைத்தது. அந்தத் தொடர் முழுவதும் அவருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தன. மார்ச் 20ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கம் அரங்கில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக 113 ஓட்டங்கள் எடுத்தபோது, ஆட்டத்தின் நடுவிலேயே வாந்தி எடுத்தார். ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. நுரையீரல்களுக்கு நடுவில் ஒரு புற்றுக் கட்டி வளர்ந்திருந்தது பின்னர்தான் உறுதியாகத் தெரியவந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் சென்று அவர் மூன்று சுற்றுக் கீமோதெரபி எடுத்துக்கொண்டார். தலைமுடி முழுவதும் கொட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அதே சேப்பாக்கம் அரங்கில், நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் மீண்டும் களம் இறங்கினார்.

தந்தை இதைச் சொல்லி முடித்துவிட்டு, "அவர் திரும்பி வந்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அவர் தள்ளிப்போட்ட நாள்களை நான் நினைக்கிறேன். அவருக்கு நோய் என்று தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் தள்ளிப்போடலாமா?" என்றார்.

தாயார் பதில் சொல்லவில்லை. மறுநாள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்துத் தாதியிடம் கேட்டார். "அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்குள் தொடங்குவதே நல்லது அக்கா. பல மாதம் தள்ளிப்போனால் மருந்தின் பயன் குறையலாம்," என்று தாதி விளக்கினார்.

தள்ளிப்போடும் பழக்கம் அந்த ஒரு வீட்டில் மட்டும் இருப்பதன்று. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் 115,238 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோயின் நிலை பதிவானவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் மருத்துவரிடம் வந்திருந்தனர். அச்சம், வேலை, குடும்பப் பொறுப்பு, 'முதலில் வேறு மருந்து செய்து பார்ப்போம்' என்ற எண்ணம் ஆகியவை பலரைத் தாமதப்படுத்துகின்றன.

அந்தக் கடைசி எண்ணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் தாயாரைச் சந்தித்தது.

பிரிக்பீல்ட்ஸில் தந்தையின் தங்கை குடியிருந்தார். தாயாரும் மகளும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தார்கள். ஜாலான் துன் சம்பந்தன் சாலையோரப் பூக்கடைகளில் மல்லிகையும் சாமந்தியும் சரமாகத் தொங்கின. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டுவிட்டு அத்தையின் வீட்டுக்குப் போனபோது, மேசைமேல் ஒரு பெரிய பொட்டலம் தயாராக இருந்தது.

"அண்ணி, இது டுரியான் பெலாண்டா இலை. நம் ஊரில் முள்சீத்தா என்பார்களே, அதுதான். தினமும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். புலனத்தில் எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள்! கீமோ என்றால் நஞ்சு அண்ணி. இலை என்றால் இயற்கை. நஞ்சை எதற்கு உடம்பில் ஏற்றிக்கொள்கிறீர்கள்?"

அத்தை அழுதுவிட்டார். அவர் அன்பினால்தான் பேசினார் என்பது தாயாருக்குத் தெரியும். அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ரயிலில் மகள் கேட்டாள்: "அம்மா, கீமோ மருந்து நஞ்சுதானா?"

"தெரியவில்லையே அம்மா," என்றார் தாயார். தெரியாத ஒன்றுக்காக அஞ்சுகிறோம் என்பதை அப்போதுதான் அவர் உணர்ந்தார்.

மகள் அன்றே ஒரு பள்ளிக் குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'கேட்க வேண்டிய கேள்விகள்' என்று எழுதினாள். முதல் கேள்வி, 'கீமோ நஞ்சா?' என்பது. இரண்டாவது, 'இலைச் சாறு குடிக்கலாமா?' என்பது. பாட்டி ஒரு கேள்வி சொன்னார்: 'தயிர்ச்சோறு சாப்பிடலாமா?' ஐந்தாம் ஆண்டில் படிக்கும் தம்பியும் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி சொன்னான்: 'அம்மாவைக் கட்டிப்பிடித்தால் எனக்கும் வந்துவிடுமா?' இரவுக்குள் இருபத்திரண்டு கேள்விகள் சேர்ந்துவிட்டன.

முதல் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, பாட்டியின் பூந்தொட்டியிலேயே இருந்தது.

பாட்டி வாசலில் நித்தியகல்யாணிச் செடி வளர்த்து வந்தார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஆண்டு முழுவதும் பூக்கும். காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பார். இதற்குச் சுடுகாட்டு மல்லி என்னும் பெயரும் உண்டு. இந்தச் செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. பல நாடுகளில் இதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குக் குடித்து வந்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு ராபர்ட் நோபிள் என்னும் ஆய்வாளர் இலைச் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. மாறாக, வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை இச்சாறு தடுக்கிறது என்றால், இரத்தப் புற்றுநோயிலும் அது பயன்படக்கூடும் என்று அவர் எண்ணினார். வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து, சாற்றிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார். பின்னர் இதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அம்மருந்து இன்றும் கொடுக்கப்படுகிறது.

மகள் பள்ளி நூலகத்தில் இதைப் படித்துவிட்டு வந்து சொன்னபோது பாட்டிக்கு வியப்புத் தாங்கவில்லை. "அப்படியானால் இந்த இலையையே அரைத்துக் கொடுத்துவிடலாமே!" என்றார்.

"கூடவே கூடாது பாட்டி. இந்த இலையை அப்படியே தின்றால் அது நஞ்சு. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டுமாம். எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. பிரித்து, அளந்து, சோதித்துப் பார்த்தால்தான் அது மருந்து."

'அளந்து' என்ற சொல் தையல் வேலையில் இருந்த தாயாரின் காதில் விழுந்தது.

சிகிச்சைக்கு ஒரு வாரத்துக்கு முன்பு முன்னேற்பாட்டுச் சோதனைக்காக அவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் போதிய அளவு இருக்கின்றனவா, சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக அந்தச் சோதனை. பி வகை கல்லீரல் அழற்சிக் கிருமி உடலில் ஒளிந்திருந்தால் சிகிச்சையின்போது மீண்டும் தலைதூக்கும் என்பதால் அதற்கும் சோதனை நடந்தது. கொடுக்கவிருக்கும் மருந்துகளுள் ஒன்று இதயத்தைப் பாதிக்கக்கூடியது; ஆகவே மீயொலி கொண்டு இதயத்தையும் படம் எடுத்தார்கள். சொத்தைப் பல் இருந்தால் அதன்வழி கிருமி தொற்றும் என்று பல் மருத்துவரிடமும் அனுப்பினார்கள்.

கடைசியாகத் தாதி ஒருவர் தாயாரின் உயரத்தை அளந்தார், எடை பார்த்தார். 150 சென்டிமீட்டர், 54 கிலோகிராம்.

"உடல் இளைக்கவா மருந்து கொடுக்கப்போகிறீர்கள்? எதற்கு இந்த அளவெல்லாம்?" என்று தாயார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

மருந்தாளுநர் விளக்கினார். கீமோதெரபி மருந்தின் அளவை எல்லாருக்கும் பொதுவாக வைக்க முடியாது. பெரும்பாலான மருந்துகளை, நோயாளியின் உடல் மேற்பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டே கொடுப்பார்கள். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். மோஸ்டெல்லர் என்பவர் 1987இல் எளிமையாக்கித் தந்த வாய்பாடு இது.

மகள் கணிப்பொறியை எடுத்தாள். 150 பெருக்கல் 54 என்றால் 8100. அதை 3600ஆல் வகுத்தால் 2.25. அதன் வர்க்கமூலம் 1.5. "அம்மா, உங்கள் உடலின் மேற்பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர்!"

"சரியாகப் போட்டுவிட்டாயே! உன் அம்மாவுக்குக் கொடுக்கப்போகும் சிவப்பு மருந்து, ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். அப்படியானால்?"

"75 மில்லிகிராம்."

தாயார் வாய்விட்டுச் சிரித்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை மகள் பார்த்ததில்லை. "ஒன்றரை மீட்டர் துணி என்று சொல்லுங்கள்! இருபது ஆண்டுகளாக நான் ஊருக்கு அளவெடுக்கிறேன். இன்றைக்கு எனக்கு அளவெடுத்திருக்கிறார்கள்."

பிறகு மகள் குறிப்பேட்டைத் திறந்தாள். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னார்.

கீமோ நஞ்சா? "வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அது தாக்கும். புற்று உயிரணுவும் வேகமாகப் பெருகும்; தலைமுடி வேர், வாயின் உட்தோல், இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை ஆகியவற்றின் அணுக்களும் வேகமாகப் பெருகும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளை அணு குறைகிறது. ஆனால் நல்ல அணுக்கள் பெரும்பாலும் மீண்டு எழும். அதற்கு அவகாசம் கொடுக்கவே 21 நாள் இடைவெளி."

இலைச் சாறு? "உங்கள் அத்தையின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், சாற்றை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இலை மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிறுவப்படவில்லை. கீமோ மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் என்ன பாடுபடும் என்பதும் தெரியாது. மூலிகை, சத்து மாத்திரை எதுவானாலும் என்னிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள்."

தம்பியின் கேள்வி வந்தபோது மருத்துவர் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "புற்றுநோய் தொற்றாது. தம்பி அம்மாவைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். அவனுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளி இருக்கட்டும். ஏனென்றால் அவனிடமிருந்துதான் அம்மாவுக்குத் தொற்றும்."

எல்லாவற்றையும்விட ஒன்றை மருத்துவர் இரண்டு முறை சொன்னார். மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். வீட்டிலேயே காய்ச்சல் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை அழிக்காது.

அன்று மாலை வீடு ஒரு திருமண வீட்டைப்போல் சுறுசுறுப்பானது. தந்தை வெப்பமானி ஒன்றும் மென்மையான பல்துலக்கியும் வாங்கி வந்தார். அவசரப் பிரிவின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பாட்டி சமையலறையைப் பொறுப்பேற்றார். முட்டையையும் மீனையும் நன்றாக வேகவைப்பது, பழங்களைக் கழுவித் தோல் நீக்குவது, வெளியில் வெகுநேரம் கிடந்த உணவைத் தவிர்ப்பது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார். மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாள்களில் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும். துடைப்பவர் கையுறை அணிய வேண்டும். அந்த வேலை தந்தையுடையது என்று முடிவாயிற்று. தம்பிக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது: தினமும் காலையிலும் மாலையிலும் அம்மாவின் உடல் வெப்பத்தைப் பார்த்து நாட்காட்டியில் எழுத வேண்டும்.

பணம் பற்றிய கவலையும் இருந்தது. அரசு மருத்துவமனையில் குடிமக்கள் நிபுணத்துவ மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட் கட்டணம்தான். ஆனால் போக்குவரத்துச் செலவும் இழக்கும் வருமானமும் பெரியவை. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள் என்று தாதி வழிகாட்டினார். 1966 முதல் இயங்கும் மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தையும், வசதி குறைந்த நோயாளிகளுக்கு நிதியுதவி செய்யும், 1994இல் தொடங்கப்பட்ட மக்னா அமைப்பையும் பற்றி அவர் எடுத்துச் சொன்னார். உதவி கேட்கத் தாயார் முதலில் கூச்சப்பட்டார். "கடன் கேட்கவில்லை, வழி கேட்கிறோம்," என்றார் தந்தை.

நாற்பத்து மூன்று ரவிக்கைகள் எஞ்சியிருந்தன. தாயார் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அழைத்து உண்மையைச் சொன்னார். இருவர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பலர், "எப்போது முடியுமோ அப்போது கொடுங்கள் அக்கா," என்றார்கள். பத்து ரவிக்கைகளை அந்த வாரத்திலேயே தைத்து முடித்தார். மீதியை அதே சாலையில் கடை வைத்திருந்த வேறு இரு தையல்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு துணியிலும் அளவுத் தாளைச் சரிபார்த்துக் குத்தினார். இருபது ஆண்டுகளாக யாருக்கும் கொடுக்காத தம் வேலையை அன்று கைமாற்றியபோது அவர் கண் கலங்கியது. ஆனால் மேசை வெறுமையானதும் மனம் சற்று இலேசானது.

முடிதான் கடைசியாக இருந்தது. முதல் சுற்றுக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும் என்று தாதி சொல்லியிருந்தார். கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்ப்பதைவிட முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வது மனத்துக்கு எளிது என்றும் சொன்னார். இடுப்புவரை நீண்ட கூந்தல் அது. பாட்டி பல நாள் எண்ணெய் தேய்த்து வளர்த்தது. வெட்டும் பேச்சை எடுக்கவே எல்லாரும் அஞ்சினார்கள்.

பாட்டியே எடுத்தார். "நீ மூன்று வயதில் பத்துமலையில் மொட்டை போட்டுக்கொண்டு எப்படி அழுதாய் தெரியுமா? மறு தைப்பூசத்துக்குள் இரட்டைச் சடை போட்டேன். முடி கொடுத்தால் வரும் கண்ணு," என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்து மகளிடம் நீட்டினார். தையல் கத்தரிக்கோல் அது. பேத்தி வெட்டினாள். பாட்டி கூந்தலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தார்.

"ஆடி மாதமாயிற்றே அம்மா, பரவாயில்லையா?" என்று தாயார் மெல்லக் கேட்டார்.

"ஆடி அம்மனுக்கு உகந்த மாதம். டாக்டர் குறித்த நாள் நல்ல நாள்தான்," என்றார் பாட்டி.

குறித்த நாள் வந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்குவதற்கு முன்பே, விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் புறப்பட்டார்கள். பையில் தண்ணீர்ப் புட்டி, ஒரு போர்வை, ரொட்டி, மருந்துப் பட்டியல், குறிப்பேடு ஆகியவை இருந்தன. அத்தை பிரிக்பீல்ட்ஸிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்து காத்திருந்தார். அவர் கையில் இலைப் பொட்டலம் இல்லை. அண்ணியின் தலைக்குக் கட்டிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணி ஒன்று வைத்திருந்தார்.

சிகிச்சை அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மலாய்ப் பாட்டி ஒருவரும் சீன இளைஞர் ஒருவரும் முன்பே அமர்ந்திருந்தார்கள். இளைஞர் தாயாரைப் பார்த்துத் தலையசைத்தார். தாதி வந்து பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டார். இன்னொரு தாதி அதையே மறுபடியும் சரிபார்த்தார். மருந்துப் பையில் ஒட்டியிருந்த தாளில் தாயாரின் பெயர், அளவு, நாள் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தன.

தாயார் அந்தத் தாளை நன்றாக உற்றுப் படித்தார். பெயர் சரி. நாள் சரி. "எழுபத்தைந்து," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அளவும் சரி.

"பயமாக இருக்கிறதா அக்கா?" என்று தாதி கேட்டார்.

"இருக்கிறது," என்றார் தாயார். "ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரியும்."

"அறுவைச் சிகிச்சை செய்த பக்கத்துக் கை வேண்டாம். மற்றக் கையைக் கொடுங்கள்."

இருபது ஆண்டுகளாக எத்தனையோ பெண்கள் அவர் முன்னால் நின்று, அளவெடுக்கக் கையை நீட்டியிருக்கிறார்கள். அதேபோல் அவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, தம் கையை நீட்டினார்.